காற்றில் போட்ட கொக்கி

தாள் மேசையைத் தொடுவதற்கு முன்பே அவருடைய சுட்டுவிரல் வளைந்துவிடுகிறது. கடிதம் யாருக்கு, என்ன விஷயம், எந்தத் தேதி என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். சிவப்புப் பென்சிலின் நுனி ஆங்கில வரிகளின்மேல் எறும்புபோல ஊர்ந்துபோய் 'உட்' என்ற சொல்லில் நிற்கிறது. அங்கிருந்து 'ஹேவ்' வரை மெல்ல நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறார். இல்லை. 'கிளாட்லி', அதாவது 'மகிழ்ச்சியோடு' என்கிற அந்த ஆள் வாக்கியத்தின் கடைசியில், பேருந்தில் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் தொங்குகிறவரைப்போல ஒட்டிக்கொண்டிருக்கிறார். பென்சில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. வட்டத்திலிருந்து ஒரு கோடு மேலே எழும்பி, மற்ற சொற்களின் தலைக்கு மேலாக வளைந்து வந்து, 'உட்'டுக்கும் 'ஹேவ்'வுக்கும் இடையில் இறங்குகிறது.

"இப்படி உக்காரு," என்று முணுமுணுக்கிறார். கடிதத்தை எழுதியவரிடம் அல்ல, சொல்லிடம்.

இந்த வளைகோடு பார்ப்பதற்குக் கொக்கி மாதிரி இருக்கும். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கொக்கி என்று பெயர். முகத்துக்கு நேரே கொக்கி சார். முதுகுக்குப் பின்னால் சார் கழன்றுவிடும். அவருக்கு இரண்டும் தெரியும். இரண்டிலும் வருத்தமில்லை.

குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் முதலியவற்றை விற்கும் நிறுவனத்தில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவு அவருடையது. சன்னலோரம் நீளமான மேசை, காகிதம் வெட்டும் கருவி, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் தண்ணீர்க் குடுவை. அங்கிருந்து வெளியே போகும் கடிதங்களில் பெரும்பாலானவை 'இல்லை' என்று சொல்பவை. ஆனால் இல்லை என்ற சொல் எதிலும் இருக்காது. 'தாங்கள் முன்னதாகத் தெரிவித்திருந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு மாற்றித் தந்திருப்போம்' என்று இருக்கும். நீங்கள் தெரிவிக்கவில்லை, நாங்களும் தரப்போவதில்லை, இருந்தாலும் எங்கள் மகிழ்ச்சி ஒன்று உங்களுக்காகக் காத்திருந்தது என்பது அதன் உட்கிடை. நடக்காத காரியத்தின்மேல் விரித்த மெத்தை அந்த 'மகிழ்ச்சியோடு'. மெத்தையை எங்கே விரிப்பது என்பதுதான் இத்தனை வருடங்களாக அவருடைய உத்தியோகம்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். நம் வினைமுற்று கதவைச் சாத்திக்கொண்ட வீடு. 'தந்திருப்போம்' என்பதற்குள் எதையும் நுழைக்க முடியாது. மகிழ்ச்சியோ வருத்தமோ வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் அதே வினை பெட்டி பெட்டியாகக் கோத்த ரயில். 'உட்' ஒரு பெட்டி, 'ஹேவ்' ஒரு பெட்டி, வினை ஒரு பெட்டி. நடுவில் இடைவெளி உண்டு. நிபந்தனை வாக்கியத்தில் வினையடை வந்தால், முதல் பெட்டியைத் தாண்டியதும் உள்ள இடைவெளியே அதற்கு மரியாதையான இடம். பின்னால் போனாலும் குற்றமில்லை. கடைசியில் நின்றாலும் பொருள் கெட்டுவிடாது. இலக்கண நூல்களே அதற்கெல்லாம் இடம் தருகின்றன. இதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் அனுமதி வேறு, மரியாதை வேறு என்பது அவர் கட்சி.

வரிசையில் நிற்கும்போதுகூட அவர் இரண்டாவது ஆளாகத்தான் நிற்க விரும்புவார். முதல் ஆளாக வந்துவிட்டால், ஏதோ மறந்துவிட்டவரைப்போலப் பையைத் துழாவி, அடுத்தவரை முன்னே விட்டுவிடுவார்.

"சார், ஃபிரிட்ஜ் எரிஞ்சு போச்சுன்னு ஒரு அம்மா அழுது எழுதியிருக்காங்க," என்பாள் எதிர்மேசைப் பெண். பதில்களின் முதல் வரைவை எழுதுபவள் அவள்தான்.

"எரிஞ்சது இருக்கட்டும்மா. நீ 'இம்மீடியட்லி'யை எங்க போட்டிருக்க பாரு."

"எங்க சார்?"

"நடுத்தெருவுல."

"பாவம் சார், வீட்டுக்குள்ள விட்டுருங்க."

கொக்கி விழும். இம்மீடியட்லி வீட்டுக்குள் வந்துவிடும். "இன்னைக்கு எத்தனை மீன் சார்?" என்று அவள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டே கேட்பாள். "வலை வீசுறவன்தான் எண்ணுவான். நான் தூண்டில்காரன்," என்பார் அவர். வேறு வேடிக்கைப் பேச்சு அவரிடம் கிடையாது. ஆதலால் இதையே தினமும் சொல்வார். அவளும் தினமும் சிரிப்பாள்.

கைப்பழக்கம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் இந்தச் சித்திரத்துக்கு வேலையே இல்லை. பென்சில் இல்லாத இடங்களில் அவர் விரலே பென்சில். மின்தூக்கியின் அறிவிப்பு, மருந்துக்கடைப் பலகை, வங்கியில் ஒட்டிய துண்டுத்தாள் எதுவானாலும், வழி தவறிய வினையடை ஒன்று கண்ணில் பட்டதும் அவர் வலக்கை மார்பளவு உயர்ந்து, சுட்டுவிரல் வளைந்து, காற்றில் அதைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு இறங்கும். யாராவது பேசிக் கேட்டாலும் அப்படியே. பக்கத்தில் நிற்பவர்கள் கொசு ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவர் மனைவி அப்படி நினைத்துக்கொள்ள முடியாது.

அவள் ஒரு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, துணியில் பொதிந்து, கொதிகலனுக்குள் அனுப்பி, வெந்து வந்ததும் எடுத்து அடுக்குவது அவள் தொழில். துணியை நாலு முனையும் உள்ளே போக மடித்து, பிரிக்கிறவர் பிடிப்பதற்கு ஒரு காதை மட்டும் வெளியே விடுவாள். அந்த மடிப்பு வீட்டுக்கும் வந்துவிட்டது. கைக்குட்டை, தலையணை உறை, கடையில் காய்கறி போட்டுத் தந்த காகிதப்பை எல்லாமே அவர்கள் வீட்டில் ஒரு காதை நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வாக்கியம் பேசிப் பார்ப்பதுண்டு. மருத்துவமனையில் மருத்துவர்கள் பேசுவதைக் கேட்டு வந்து, ஆசையாக எடுத்துவிடுவாள். அவர் கேட்பார், விரல் உயரும். "கையைக் கீழ போடுங்க," என்பாள். போடுவார். அடுத்த வாக்கியத்தில் மறுபடி உயரும். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் எல்லாரும் தமிழ்தானே பேசுவார்கள் என்று இருந்துவிட்டார்.

"அத்தான் வீட்டுல வாய் திறக்கணும்னா ஹால் டிக்கெட் வேணும்," என்பாள் மைத்துனி. மனைவியின் தங்கை, இரண்டு தெரு தள்ளி, துணி தைத்தும் பிரித்தும் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடிய அபூர்வப் பிறவி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், அவ்வருடம் மருத்துவமனை தன் சிறந்த ஊழியராக அவர் மனைவியைத் தேர்ந்தெடுத்தது. கேடயம் வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும். தமிழில் பேசலாம் என்றுதான் சொன்னார்கள். அவள் ஆங்கிலத்தில் பேசுவதென்று முடிவு செய்தாள். கணவரிடம் சொல்லவில்லை, எழுதிக் காட்டவும் இல்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசைக்குள் நின்று பழகினாள்.

"தண்ணி வீணாப் போகுது பாரு," என்று அவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"போகட்டும்," என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவள் குரலில் அப்படி ஒரு துணிச்சலை அவர் கேட்டு நாளாகியிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

விழா மருத்துவமனையின் கூட்ட அறையில் நடந்தது. இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் நீலத் துணி விரித்த மேசை, கொட்டாவி விடுவதைப்போல அவ்வப்போது ஊளையிடும் ஒலிபெருக்கி. குடும்பத்தாருக்கு முன்வரிசை. அவரும் மைத்துனியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவி ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றாள். நன்றி சொன்னாள், பிரிவின் பெயர் சொன்னாள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "இஃப் மை ஹஸ்பண்ட் ஹாட் நாட் ஸ்டுட் அட் தி கேட்..." என்று தொடங்கினாள். என் கணவர் வாசலில் வந்து நின்றிருக்காவிட்டால் என்பது அதன் பொருள். அவருக்குப் பொருள் கேட்கவில்லை, வினை கேட்டது. நிபந்தனையின் முதல் பாதி ஒழுங்காக இருக்கிறது, இரண்டாம் பாதி எப்படி வருகிறது பார்ப்போம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ஐ உட் ஹேவ் லெஃப்ட் ஷ்யூர்லி..."

முன்வரிசையில், அத்தனை பேருக்கும் தெரிய, அவர் கை உயர்ந்தது. விரல் வளைந்தது. 'நிச்சயமாக' என்று பொருள்படும் ஷ்யூர்லியை லெஃப்டுக்குப் பின்னாலிருந்து தூக்கி, உட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கியது.

மனைவி அதைப் பார்த்தாள். நிறுத்தினாள். "ஐ உட்..." என்று திரும்பத் தொடங்கினாள். "ஷ்யூர்லி... ஹேவ்... ஐ உட்..." ஒலிபெருக்கி அவள் மூச்சைப் பெரிதாக்கி அறை முழுவதும் பரப்பியது. அதற்குமேல் அந்த வாக்கியம் வரவில்லை. "தேங்க் யூ," என்று சொல்லிவிட்டுக் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

தலைமை மருத்துவர் நல்ல மனிதர். அந்த அமைதியைக் கலைக்க வேண்டும் என்று நினைத்து, "வீட்டுலயே பரீட்சை அதிகாரியை வச்சிருக்காங்க போல," என்றார். அறை சிரித்தது. கடைசி வரிசை வரை சிரித்தது. அவரும் சிரித்தார். மனைவிகூட உதட்டை விரித்தாள். சிரிக்காதவள் மைத்துனி ஒருத்திதான்.

பேருந்தில் மனைவி கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் சொன்னார்: "பெரிய தப்பு ஒன்னும் இல்ல. ஷ்யூர்லி மட்டும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

"ஸ்டாப் வந்துருச்சு," என்று அவள் எழுந்தாள்.

வரவில்லை. அது முந்தைய நிறுத்தம். ஆனாலும் இறங்கினார்கள். மீதித் தூரத்தை அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். அவருக்குப் பிடித்த இரண்டாவது இடம்தான். அன்றைக்கு அது மரியாதையான இடமாகப் படவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவும் இல்லை.

விளக்கியவள் மைத்துனி. அக்கா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, தைத்த சட்டையைக் கொடுக்கும் சாக்கில் வந்தாள்.

"அத்தான், அன்னைக்கு அக்கா என்ன சொல்ல வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வேலையை விட்டுட்டுப் போயிருப்பேன்னு ஏதோ..."

"ஏன் போகலையாம்?"

அவர் யோசித்தார். வாக்கியத்தின் இரண்டாம் பாதி எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. முதல் பாதியில் 'ஹாட் நாட் ஸ்டுட்' என்ற வினை நினைவிருந்தது. யார் நின்றது, எங்கே நின்றது என்பது இல்லை.

"தெரியல."

"அத்தனை பேர் கேட்டாங்க. உங்களுக்கு மட்டும் தெரியல," என்றாள் மைத்துனி. குரலை உயர்த்தவில்லை. "வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவளுக்கு ஆவி பட்டுக் கை வெந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாளையிலேருந்து போக மாட்டேன்னு அழுதா. நீங்க ஆபீஸ் விட்டு நேரா அங்க போய், கேட்டுக்கிட்ட நிப்பீங்களாம். தினம் நிப்பீங்களாம். ஒரு வார்த்தை புத்தி சொல்ல மாட்டீங்களாம். பையை வாங்கிட்டுக் கூட நடப்பீங்களாம். அதனாலதான் மறுநாளும் போனேன்னு சொல்ல வந்தா. அதைச் சொல்லத்தான் குழாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் படிச்சா. நீங்க கொக்கி போட்டுட்டீங்க."

சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாசலில் நின்றது அவருக்கு மறந்தே போயிருந்தது. இப்போது நினைவு வந்தது. மருத்துவமனையின் பின்வாசல், அழுக்குத் துணி ஏற்றும் வண்டி, கட்டுப் போட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி வெளியே வரும் இளம்பெண், அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த ஆச்சரியம். தன் வாழ்நாளில் திருத்தம் எதுவும் சொல்லாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதைத்தான் ஊரறிய அவள் எடுத்துச் சொல்ல வந்திருக்கிறாள். அதன் கழுத்தில்தான் அவர் கொக்கியை மாட்டியிருக்கிறார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி போய்க் கழுவினார்.

அதன்பிறகு அவருக்குத் தன் வலக்கையைக் கண்டாலே கூச்சம். நடக்கையில் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறார். பேருந்தில் இடமிருந்தாலும் உட்காராமல், அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரோ இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சுமக்கிறவரைப்போல இருக்கிறது அவர் நடை. அலுவலகத்தில் கடிதங்கள் கொக்கியில்லாமல் கடந்து போயின. எதிர்மேசைப் பெண்ணுக்கு அது தாங்கவில்லை.

"சார், கிளாட்லி கடைசியில கிடக்குது. நானே வேணும்னுதான் போட்டுப் பாத்தேன்."

"கிடக்கட்டும்மா."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் பென்சிலை உருட்டினார். பிறகு கேட்டார்: "அந்த அம்மாவோட ஃபிரிட்ஜ் என்னாச்சு?"

"எந்த அம்மா?"

"அழுது எழுதியிருந்தாங்கன்னு சொன்னியே. எரிஞ்சு போச்சுன்னு."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது முடிஞ்சு போச்சே சார். பதில் அனுப்பியாச்சு. இம்மீடியட்லி வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு."

மனைவியிடம் மன்னிப்புக் கேட்க அவர் முயலாமல் இல்லை. தட்டை எடுத்து வைக்கும்போது, விளக்கை அணைக்கும்போது, வாயெடுப்பார். ஆனால் மனத்தில் உருவாகும் வாக்கியம் அவருடைய தொழிலின் வாக்கியமாகவே வரும். எனக்குத் தெரிந்திருந்தால் ஒருபோதும் அப்படிச் செய்திருக்க மாட்டேன். அதில் 'ஒருபோதும்' இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருக்கும். இந்த வகை வாக்கியங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இயந்திரத்தை மாற்றித் தராதவர்கள் எழுதுபவை அவை. வாயை மூடிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. மருத்துவமனை புதிதாக ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கியது. கருவிகளைக் கிருமி நீக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும்; வருகிறவர்கள் வெவ்வேறு மொழிக்காரர்கள்; ஆகவே பாடம் ஆங்கிலத்தில். பொறுப்பு அவர் மனைவிக்கு என்று முடிவாகியிருந்தது. கொதிகலனின் சூட்டிலிருந்து விலகி, அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு அறை. சாப்பிட்டு முடித்து, மேசையைத் துடைத்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும்," என்றாள்.

"என்ன லெட்டர்?"

"அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்னு. மரியாதையா இருக்கணும். நீங்கதான் அதுல கெட்டிக்காரராச்சே."

"ஏன் வேண்டாம்?"

"இங்கிலீஷ்ல பேசணும்."

"பேசலாமே. உனக்கு வருமே."

அவள் துணியை மடித்து, ஒரு காதை வெளியே விட்டு, மேசை ஓரத்தில் வைத்தாள். "'உட்' வரைக்கும் வருது. அதுக்கு மேல என் வாய் உங்க கையைத் தேடுது."

குத்திச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவருக்கு. குற்றம் செய்தது நாக்கல்ல என்பதும் உடனே உறைத்தது.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தகைய கடிதம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்' என்று எழுதினார். உட், கிளாட்லி, ஹேவ். பெட்டிகள் ஒழுங்காகக் கோத்துக்கொண்டன. மகிழ்ச்சி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்து 'இஃப்' என்று எழுதினார். பென்சில் நின்றது.

என்னவாக இருந்திருந்தால்? அலுவலகத்தில் எழுதும்போது அந்த இடத்தில் வாடிக்கையாளரின் தவறு வரும். முன்னதாகத் தெரிவித்திருந்தால், கவனமாகக் கையாண்டிருந்தால். இந்தக் கடிதத்தில் அந்த இடத்தில் வரவேண்டியது அவர்தான். இத்தனை காலமாக எத்தனையோ பேருடைய தவறுகளை அங்கே எழுதிய கை, தன்னுடையதை எழுத மறுத்தது. பாதிக் கடிதத்தோடு எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

மனைவி அங்கே கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"'இஃப்'புக்கு அப்புறம் என்ன எழுதறது?"

"உடம்பு சரியில்லைன்னு போடுங்க."

"உன் உடம்புக்கு என்ன?"

"அப்ப வீட்டுல வேலை அதிகம்னு போடுங்க. எதையாவது போடுங்க. நீங்க தினமும் போடுறதுதானே."

"உண்மையைப் போட்டுறட்டுமா?"

"போட்டா சிரிப்பாங்க. ஒரு தடவை சிரிச்சாச்சு, போதும்."

அவர் நின்றார். கடிதம் இடக்கையில் இருந்தது. வலக்கை எங்கே இருக்கிறதென்று அவர் பார்க்கவில்லை. "அன்னைக்கு நீ சொன்னதை நான் கேக்கல," என்றார். "எல்லாரும் கேட்டாங்க. நான் வேற எதையோ கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் துணி எடுப்பதை நிறுத்தவில்லை.

"கேட்டுல நின்னதே எனக்கு மறந்து போச்சு. உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்."

"அவ ஏன் சொன்னா?"

"நீ சொல்ல வந்ததை நான் நடுவுல நிறுத்திட்டேன். அதனால." கொடியை நோக்கி ஓரடி வைத்தார். "இன்னொரு தடவை சொல்றியா?"

"எதுக்கு? திருத்தவா?"

அவள் திரும்பி அவருடைய வலக்கையைப் பார்த்தாள். அவரும் அப்போதுதான் பார்த்தார். தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையில், சுட்டுவிரல் மட்டும் பாதி வளைந்து, தயாராக நின்றது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்தார். தலை நிமிரவில்லை.

அவள் கொடியிலிருந்து பெரிய படுக்கை விரிப்பை உருவினாள். இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு மற்றதை அவர் பக்கம் வீசினாள்.

"புடிங்க."

அவர் இடக்கையை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும்."

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமென்றால் கடிதத்தை விட வேண்டும். விட்டார். அது துணி துவைத்த ஈரத்தரையில் போய் விழுந்தது. தாள் மெல்ல ஊறித் தரையோடு ஒட்டியது. இருவரும் குனியவில்லை.

விரிப்பு அவர்களுக்கிடையே இழுபட்டு நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், துணியின் நடுமடிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என் கணவர் வாசலில் வந்து நின்றிருக்காவிட்டால். அவர் கேட்டார். ஐ உட் ஹேவ் லெஃப்ட். கேட்டார். "ஷ்யூர்லி," என்றாள், சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். அவர் விரிப்பின் முனைகளை விடவில்லை. "இன் தி ஃபர்ஸ்ட் இயர் இட்செல்ஃப்," என்று முடித்தாள்.

முதல் வருடத்திலேயே. அவ்வளவுதான் மிச்சம் இருந்திருக்கிறது.

இருவரும் முனைகளைச் சேர்த்துப் பாதியாக மடித்தார்கள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, வேறொரு குரலில், பயிற்சிக்கு வந்தவர்கள் அறை முழுவதும் உட்கார்ந்திருப்பதைப்போலத் தொடங்கினாள். "குட் மார்னிங். இஃப் யூ ஹாட் டச்ட் திஸ் ட்ரே வித்தவுட் க்ளவ்ஸ், ஐ உட் ஹேவ் த்ரோன் இட் அவே இம்மீடியட்லி."

கையுறை போடாமல் நீ இந்தத் தட்டைத் தொட்டிருந்தால், தூக்கி எறிந்திருப்பேன். அவருக்குத் தட்டு கேட்டது, கையுறை கேட்டது, எறிவதும் கேட்டது. இம்மீடியட்லி எங்கோ கடைசியில், நடுத்தெருவில் நின்றது.

அவர் விரிப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். பிறகு அடுத்த மடிப்புக்காக, தலையைக் குனிந்தபடியே நடந்து போய், தன் இரண்டு முனைகளையும் அவள் கையில் கொடுத்தார்.